கை மாறும் இடத்தில்தான் வேலை: குழந்தைகளின் மனநலத்துக்காக அமைப்புகளை ஒன்றுசேர்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பதினோரு வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். மூன்று வாரமாகப் பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை. வகுப்பாசிரியரின் கணக்கில் அவன் படிப்பில் நாட்டமில்லாதவன். வயிற்றுவலி என்று வந்தவனை இரண்டு முறை பார்த்த மருத்துவரின் கணக்கில், பரிசோதனையில் ஒன்றுமில்லை. விளையாட்டுப் பயிற்சியாளருக்கு அவன் திடீரென்று சண்டைக்காரனாக மாறிவிட்டவன். அவனுடைய அம்மா ஆறு மாதத்துக்கு முன்னால் குடும்ப வன்முறை உதவி மையம் ஒன்றுக்குப் போய்வந்தது அந்த மையத்துக்கு மட்டும் தெரியும். நான்கு பேருமே அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்கள்தான். நான்கு துண்டுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

அந்த ஆளாக இப்போது உங்களைப் போட்டிருக்கிறார்கள். பள்ளி ஆலோசகராகவோ, சமூகப் பணியாளராகவோ, தொண்டு நிறுவன ஊழியராகவோ இருந்திருப்பீர்கள். ஒருநாள் கூப்பிட்டு, "இனிமேல் மற்ற அமைப்புகளோடு ஒருங்கிணைக்கிற வேலையையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றிருப்பார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை

இந்த வேலையின் தேவையைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநலக் கோளாறு இருக்கிறது. வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் ஏறக்குறைய பாதி 18 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடுகின்றன. ஆனால் பிள்ளைகள் 'எனக்கு மனநலச் சிக்கல்' என்று சொல்லிக்கொண்டு மனநல மருத்துவமனைக்கு வருவதில்லை. வயிற்றுவலியாக, குறைந்த மதிப்பெண்ணாக, திருட்டாக, தூக்கமின்மையாக வேறு யாருடைய வாசலிலோதான் முதலில் வந்து நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் 1982இல் ஜேன் நிட்சர் என்பவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். கடுமையான மனச் சிக்கல் உள்ள 30 லட்சம் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தேவையான உதவி கிடைக்கவில்லை என்றது அது. அதைத் தொடர்ந்து 1986இல் பெத் ஸ்ட்ரூல், ராபர்ட் ஃபிரீட்மன் இருவரும், குழந்தையையும் குடும்பத்தையும் நடுவில் வைத்துப் பள்ளி, மருத்துவம், குழந்தைகள் நலம், சிறார் நீதி எல்லாவற்றையும் ஒரே பின்னலாகக் கட்ட வேண்டும் என்ற கருத்தை எழுதிவைத்தார்கள். இன்று உலகமெங்கும் 'பல துறை ஒருங்கிணைப்பு' என்று பேசப்படுவதில் பெரும்பகுதி அங்கிருந்து கிளைத்ததுதான்.

சரி, எச்சரிக்கைக்கு வருவோம். வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் ராணுவக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1990களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 8 கோடி டாலர் செலவில் இப்படி ஒரு பின்னலைக் கட்டினார்கள். லெனர்ட் பிக்மன் குழு அதை மதிப்பிட்டது. நிறையப் பிள்ளைகளுக்கு உதவி கிடைத்தது, பெற்றோருக்கும் திருப்திதான். ஆனால் பிள்ளைகளின் மனநிலையில் ஏற்பட்ட முன்னேற்றம், அப்படிப் பின்னல் எதுவும் கட்டாத ஊர்களைவிட அதிகமாக இல்லை. செலவு மட்டும் கூடியிருந்தது. 1998இல் சார்ல்ஸ் கிலிசனும் அந்தோணி ஹெமல்கார்னும் டென்னசி மாநிலத்தின் 32 குழந்தைகள் நல அலுவலகங்களில் 250 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஊழியர்களிடையே நல்ல பணிச்சூழல் இருந்த அலுவலகங்களில் பிள்ளைகள் தேறினார்கள். அமைப்புகளுக்கு இடையிலான ஒருங்கிணைப்போ சேவையின் தரத்தைச் சற்றுக் குறைத்திருந்தது! 'அதைப் பார்க்கத்தான் ஒரு குழு இருக்கிறதே' என்று, நேரில் பிள்ளையைப் பார்க்கிற ஊழியர் பொறுப்பிலிருந்து நழுவியிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆள் கூடினால் பாம்பு சாகாது என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான்.

இதைப் படித்துவிட்டு வேலையை விட்டுவிட வேண்டாம். அலுவலகங்களை இணைப்பதாலேயே பிள்ளை தேறிவிடாது என்பதை மட்டும் முதல் நாளே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை ஓர் அமைப்பின் கையிலிருந்து இன்னோர் அமைப்பின் கைக்கு மாறும் அந்தச் சில நாட்கள்தான் உங்கள் வேலை நடக்கிற இடம். அங்கே யார் பெயர் எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

முதல் வேலை: பாதையை நடந்து பாருங்கள்

கூட்ட அழைப்பிதழ் அடிக்கும் முன், ஒரு பெற்றோர் நடக்கும் வழியில் நீங்களே நடந்து பாருங்கள். உங்கள் பகுதியில் குழந்தைகளுக்கு மனநல உதவி தருவதாகச் சொல்லும் ஒவ்வோர் இடத்துக்கும் தொலைபேசியில் கூப்பிடுங்கள். யார் என்பதை மறைக்க வேண்டாம். "ஒரு பெற்றோர் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்" என்று சொல்லியே கேட்கலாம்.

மணி அடித்து யாராவது எடுத்தார்களா? எத்தனையாவது ஆளிடம் பதில் கிடைத்தது? முதல் சந்திப்புக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? எத்தனை படிவம்? வேலைக்குப் போகும் பெற்றோர் வரக்கூடிய நேரத்தில் திறந்திருக்கிறதா? இத்தனையையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஏற்கெனவே இந்த வழியில் போய்வந்த இரண்டு மூன்று குடும்பங்களோடு உட்கார்ந்து, "உங்கள் கதையை எத்தனை பேரிடம் முதலிலிருந்து சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். நான் முதன்முதலில் கேட்டபோது ஒரு தாய் விரல் விட்டு எண்ணி ஏழு என்றார். ஏழாவது முறை சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் காதைப் பொத்திக்கொண்டாளாம். எந்த அறிக்கையிலும் நான் படிக்காத விஷயம் அது.

இந்த நடையை முடித்தால் உங்கள் கையில் ஒன்றரைப் பக்கக் குறிப்பு இருக்கும். முதல் கூட்டத்தில் வைக்க வேண்டியது அந்தக் குறிப்பை, பவர்பாயின்ட் தேவையில்லை.

யார், எங்கே, என்ன, எப்போது வரை

அடுத்தது பட்டியல். பேரிடர்க் காலங்களில் மனநல உதவியை ஒருங்கிணைக்கிறவர்கள் யார், எங்கே, எப்போது, என்ன செய்கிறார்கள் என்ற நான்கு கேள்விகளை வைத்தே வரைபடம் போடுவார்கள். ஐநா அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த நிலைக்குழு ஒன்று வகுத்துக் கொடுத்த முறை இது. சாதாரண நாட்களுக்கும் அப்படியே பொருந்தும். ஓர் எக்செல் தாள் போதும்.

அந்தத் தாளில் நான் சேர்க்கச் சொல்லும் கட்டங்கள்: எந்த வயதுப் பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறார்கள், எந்த மொழியில் பேசுவார்கள், கட்டணம் உண்டா, நேரடியாகப் போகலாமா அல்லது பரிந்துரைக் கடிதம் வேண்டுமா, இன்றைய தேதியில் எத்தனை நாள் காத்திருப்பு, நிதி எப்போது முடிகிறது. இவற்றோடு எல்லோரும் விட்டுவிடும் ஒரு கட்டத்தையும் சேருங்கள்: இவர்கள் எதைச் செய்ய மாட்டார்கள்? 'போதைப் பழக்கம் இருந்தால் எடுக்க மாட்டோம்', 'வழக்கு நடந்துகொண்டிருந்தால் எடுக்க மாட்டோம்' என்பதெல்லாம் விளம்பரத் துண்டறிக்கையில் இருக்காது. மூன்று வாரம் காத்திருந்த பிறகுதான் குடும்பத்துக்குத் தெரியவரும்.

கடைசிக் கட்டம் ஒரு மனிதரின் பெயரும் நேரடி எண்ணும். அவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதும் வேண்டும். பொது எண் மட்டும் இருக்கும் வரிசையை நிரம்பாத வரிசையாகவே கணக்கில் வையுங்கள்.

பட்டியலில் மனநலத் துறையினர் மட்டும் இருந்தால் அது பாதிப் பட்டியல்தான். அதே நிலைக்குழு 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு பிரமிடு வரும். அடியில் எல்லோருக்கும் தேவையான பாதுகாப்பும் அடிப்படை வசதிகளும்; அதற்கு மேல் குடும்பமும் சமூகமும் தரும் ஆதரவு; அதற்கும் மேல் பயிற்சி பெற்ற ஆனால் சிறப்பு மருத்துவர் அல்லாதவர்கள் தரும் உதவி; உச்சியில் மட்டும் மனநல மருத்துவரும் உளவியலாளரும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு உச்சி தேவைப்படாது. ஆனால் அடி அடுக்குகளில் ஆள் இல்லாத ஊரில் எல்லாப் பிள்ளைகளையும் உச்சிக்கே அனுப்புவார்கள், அங்கே வரிசை நீண்டுகொண்டே போகும். ஆகவே நூலகர், விளையாட்டுப் பயிற்சியாளர், மாலை வகுப்பு நடத்துபவர், பெற்றோர் குழு, வாடகை வீட்டுச் சிக்கலுக்கு உதவும் அலுவலகம் எல்லோரும் பட்டியலில் வரட்டும். வீடு பறிபோகிற பயத்தில் தூங்காத பிள்ளைக்கு முதலில் வேண்டியது வீடு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் எண்ணையும் அழைத்துச் சரிபாருங்கள். சலிப்பான வேலைதான், அரை நாள் போய்விடும். ஆனால் ஆளில்லாத எண்ணுக்கு ஒரு குடும்பத்தை அனுப்பினால், அவர்கள் உங்களை இரண்டாவது முறை நம்ப மாட்டார்கள்.

மேசையில் யார்?

சிறிய மேசையாக இருக்கட்டும். முதல் வருடம் ஐந்திலிருந்து ஏழு பேர் போதும்: பள்ளி, ஆரம்ப மருத்துவம், மனநலச் சேவை, குழந்தைகள் பாதுகாப்பு, ஒரு சமூக அமைப்பு, ஒரு பெற்றோர். முப்பது பேர் வரும் கூட்டத்தில் அறிமுகம் முடியவே நேரம் முடிந்துவிடும். வருகிறவர், "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியவராக இருந்தால் பயனில்லை. சின்னச் சின்ன முடிவையாவது அங்கேயே எடுக்க அதிகாரம் உள்ளவரைக் கேட்டு வாங்குங்கள்.

இளையவர்களை அழைப்பது பற்றி ஒரு வார்த்தை. தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைகளுக்கு 1989ஆம் ஆண்டின் ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு தருகிறது. ஆகவே எல்லோரும் ஒரு பதினாறு வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்கள். அவள் பக்கத்தில் பன்னிரண்டு பெரியவர்கள், எல்லோர் வாயிலும் துறைச்சொற்கள். ராஜர் ஹார்ட் 1992இல் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஓர் ஏணியாக வரைந்தார். அடியில் உள்ள மூன்று படிகள் ஆட்டுவித்தல், அலங்காரம், ஒப்புக்கு அழைத்தல். அந்த மூன்றையும் அவர் பங்கேற்பில் சேர்க்கவே இல்லை. நான் பார்த்த கூட்டங்களில் பாதி இரண்டாவது படியில் நின்றவை. ஒரு இளையவருக்குப் பதில் இருவரை அழைத்து, முந்தைய நாளே நிகழ்ச்சிநிரலை உட்கார்ந்து விளக்கி, முடிவு ஒன்றை முழுக்க அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். காத்திருப்பு அறை எப்படி இருக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் போகும் குறுஞ்செய்தி எந்த வார்த்தைகளில் இருக்க வேண்டும் என்பவற்றில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் நம்முடையதைவிடச் சரியாக இருக்கும்.

கூட்டம் மாதத்துக்கு ஒன்று, ஒரு மணி நேரம். தேநீர் வேளைப் பேச்சை மட்டும் வெட்டாதீர்கள். தொலைபேசியில் தயங்காமல் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம் அங்கேதான் உண்டாகிறது.

இரண்டு பக்க ஒப்பந்தம்

புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றதும் இருபது பக்கத்துக்கு எழுதிவிடுவார்கள். அதைப் படிக்கிறவர் யாரும் இல்லை. இரண்டு பக்கத்தில் முடியுங்கள்: எந்தப் பிள்ளைகளுக்காக, யார் எதைச் செய்வார்கள், எத்தனை நாளில், ஒத்துவராவிட்டால் யாரிடம் போவது, யார் இந்தக் குழுவின் கணக்கையும் காகிதத்தையும் சுமப்பார்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். சுமக்க ஓர் அமைப்பும் அதற்குச் சம்பளம் வாங்கும் ஓர் ஆளும் இல்லாத கூட்டணிகள் ஆறு மாதத்தில் வாட்ஸ்அப் குழுவாகச் சுருங்கிவிடும்.

ஒரு சொல்லுக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள்: 'அவசரம்'. பள்ளிக்கு அவசரம் என்றால் இன்று மதியம். மனநல மருத்துவமனைக்கு இரண்டு வாரத்துக்குள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கோ உயிருக்கு ஆபத்து. மூன்று பேரும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு ஒருவரையொருவர் அலட்சியக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள். 'உடனே, இந்த நிமிடம்', 'மூன்று வேலைநாளுக்குள்', 'வரிசைப்படி' என்று மூன்று படி வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று எடுத்துக்காட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு பயிற்சியில் தீர்ந்த சண்டைகள் அதிகம்.

யாருக்கு எவ்வளவு தெரியலாம்

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. ஒரு பக்கம், சொல்லாமல் விட்டதால் வந்த கேடு. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, பராமரிப்பில் இருந்த வீட்டிலேயே கொடுமைப்படுத்தப்பட்டு இறந்தாள். லார்டு லாமிங் தலைமையிலான விசாரணை 2003இல் அறிக்கை தந்தது. சமூக சேவைத் துறைகள், காவல்துறை, மருத்துவமனைகள் எனப் பல கைகள் அவளைத் தொட்டிருந்தன; தலையிட்டுக் காப்பாற்றியிருக்கக்கூடிய தருணங்கள் குறைந்தது 12 இருந்தன என்றது அறிக்கை. இங்கிலாந்தின் 2004ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தில் அமைப்புகளின் ஒத்துழைப்பைக் கடமையாக்கியதற்குப் பின்னால் அந்தச் சிறுமி இருக்கிறாள்.

மறுபக்கம், சொல்லிவிடுவதால் வரும் கேடு. ஆலோசகரிடம் ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னது மறுநாள் ஆசிரியர் அறையில் பேசப்பட்டால், அவள் இனி யாரிடமும் எதையும் சொல்ல மாட்டாள். அவளுடைய தோழிகளும்தான்.

இரண்டுக்கும் நடுவில் நடக்க, நான் பிடித்துக்கொள்ளும் கயிறு ஒரு கேள்வி: இந்த ஆள் தன் வேலையைச் செய்ய இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டுமா? உதாரணத்தில் பார்த்த பையனின் ஆசிரியருக்கு, 'வீட்டில் கடினமான நேரம். காலையில் தாமதமாக வந்தால் திட்ட வேண்டாம். வகுப்பை விட்டு வெளியே போக வேண்டும்போல் இருந்தால் இன்ன ஆளிடம் போகலாம்' என்பது போதும். அப்பா அம்மாவை அடித்தார் என்பது தேவையில்லை.

ஒப்புதல் படிவத்தில் 'தொடர்புடைய அமைப்புகளோடு பகிர்ந்துகொள்ளச் சம்மதம்' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். ஒவ்வோர் அமைப்பின் பெயரும் தனி வரியில் இருக்கட்டும். எந்தத் தகவல், எத்தனை மாதத்துக்கு, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதும் இருக்கட்டும். பெற்றோர் கையெழுத்திட்டாலும் பிள்ளையிடமும் அதன் வயதுக்கேற்ற மொழியில் சொல்லிக் கேளுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். விஷயம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை உட்கார்ந்து, எப்போது ஒப்புதல் இல்லாமலே தகவல் சொல்லலாம், எப்போது சொல்லியே ஆக வேண்டும் என்பதை அரைப் பக்கத்தில் எழுதி வாங்கி எல்லோர் மேசையிலும் ஒட்டிவிடுங்கள்.

இரண்டு பழக்கங்களை இன்றே நிறுத்துங்கள். ஒன்று, வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் பெயரோடு விவரம் போடுவது. இன்னொன்று, "யாரிடமும் சொல்ல மாட்டேன், நீ சொல்" என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுப்பது. "நீ சொல்வதைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன். உனக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்று பட்டால் மட்டும் உதவிக்கு ஆள் சேர்ப்பேன், அப்போதும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது புரியும்.

கைமாற்றம்

ஒரு தாளில் எண்ணை எழுதிக் கொடுத்து, "இங்கே போய்ப் பாருங்கள்" என்று சொல்வதற்குப் பெயர் பரிந்துரை இல்லை. குடும்பத்தைத் தெருவில் இறக்கிவிடுவது அது. உடைந்துபோயிருக்கும் பெற்றோருக்கு அந்த எண்ணைச் சுழற்றுவதே மலையாக இருக்கும்.

நல்ல கைமாற்றம் இப்படி நடக்கும். குடும்பம் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த அமைப்பின் ஆளை அழைக்கிறீர்கள். "இன்னார் உங்களைப் பார்க்க வருவார், என் பக்கத்தில்தான் இருக்கிறார்" என்று சொல்லி, பெற்றோரிடம் தொலைபேசியைக் கொடுக்கிறீர்கள். அந்தக் குரல் பழகிவிடுகிறது. சந்திப்பின் தேதியும் நேரமும் அங்கேயே முடிவாகின்றன. குடும்பத்தின் ஒப்புதலோடு ஒரு பக்கச் சுருக்கம் முன்கூட்டியே போகிறது, கதையை மீண்டும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுருக்கத்தைக் குடும்பத்துக்கே படித்துக் காட்டித் திருத்தம் கேட்டுவிடுங்கள்; இரண்டு பிழையாவது அகப்படும். முடிந்தால் முதல் சந்திப்புக்குத் தெரிந்த முகம் ஒன்று வாசல் வரை கூடப் போகட்டும்.

பெரும்பாலும் அறுந்துபோவது திரும்பி வரும் இழைதான். அனுப்பியவருக்குப் பிள்ளை போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. பெற்றுக்கொண்டவர் 'வரவில்லை' என்று கோப்பை மூடிவிடுவார். ஆகவே ஒரு விதி வையுங்கள்: சந்திப்பு நாள் முடிந்த இரண்டு வேலைநாளுக்குள், பெற்றுக்கொண்டவர் அனுப்பியவருக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'வந்தார்கள்' அல்லது 'வரவில்லை'. உள்ளே என்ன பேசினார்கள் என்பது தேவையில்லை. 'வரவில்லை' என்றால் அனுப்பியவர் அன்றே குடும்பத்தை அழைக்கிறார். பெற்றுக்கொண்டவர் 'வந்தார்கள்' என்று சொல்லும் வரை பிள்ளை அனுப்பியவரின் பொறுப்பு. இந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதவைக்க மூன்று கூட்டம் ஆனாலும் பரவாயில்லை, விடாதீர்கள்.

மூன்று அமைப்புகளுக்கு மேல் ஈடுபட்டிருக்கும் பிள்ளைக்கு, எல்லாவற்றையும் தொடர்ந்து பார்க்க முதன்மைத் தொடர்பாளர் ஒருவர் வேண்டும். யார் பெரிய பதவியில் இருக்கிறார் என்று பார்க்காமல், யாரிடம் பேச விருப்பம் என்று பிள்ளையையும் குடும்பத்தையும் கேட்டு முடிவுசெய்யுங்கள். ஒரு வீட்டில் அது பள்ளி நூலகராக இருந்தது. திட்டமும் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். பள்ளிக்கு ஒரு திட்டம், மருத்துவமனைக்கு ஒரு திட்டம், நலத்துறைக்கு ஒரு திட்டம் என்றால், மூன்றிலும் உள்ள வீட்டுப்பாடத்தைச் செய்ய வேண்டியவர் அந்த ஒரே அம்மாதான்.

வினாத்தாள்கள் பற்றி

ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கேள்விகள் கொண்ட 'வலிமைகளும் சிரமங்களும்' வினாத்தாள் தமிழ் உட்பட நிறைய மொழிகளில் உண்டு. ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் ஒன்றுபோலக் கொடுக்கலாம், பெரிய பிள்ளைகள் தாங்களே நிரப்பலாம். அமைப்புகள் எல்லாம் ஒரே கருவியைப் பயன்படுத்தினால் பேச்சு எளிதாகும். ஆசிரியரின் தாளும் அம்மாவின் தாளும் முட்டிக்கொண்டால், யார் சரி என்று வாதாடாதீர்கள். பள்ளியில் ஒரு பிள்ளை, வீட்டில் வேறொரு பிள்ளை என்பதே பெரிய தகவல். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அது நோய்க்கணிப்பு இல்லை. அதன் எண்ணைப் பார்த்து யாரும் பிள்ளைக்கு முத்திரை குத்தக் கூடாது. அனுப்ப இடம் தயாராகும் முன் பள்ளி முழுக்க வினாத்தாள் கொடுப்பதும் வேண்டாம். கண்டுபிடித்துவிட்டுக் கைவிடுவது, கண்டுபிடிக்காததைவிட மோசம்.

காத்திருக்கும் வாரங்கள்

வரிசை நீளத்தைக் குறைப்பது உங்கள் கையில் இருக்காது. வரிசையில் நிற்கும் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடத் தொலைபேசி அழைப்பு, பள்ளியில் நம்பிக்கையான ஒரு பெரியவர், நிலைமை மோசமானால் யாரை அழைப்பது என்று எழுதிய சின்ன அட்டை. உலக சுகாதார நிறுவனமும் கூட்டாளிகளும் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு 'பார், கேள், இணை' என்று மூன்று சொல்லில் சொல்வதை ஆசிரியர்கள், பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடலாம். பேசச் சொல்லி வற்புறுத்தாமல் இருப்பதும் அதில் ஒரு பாடம். பலருக்கும் கடினமான பாடம் அதுதான்.

உயிருக்கு ஆபத்து என்றால்

இதை நடக்கும் முன்பே முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு யார் தொலைபேசியை எடுப்பார்? எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளும்? யார் கூடப் போவார்? பெற்றோரிடமிருந்தே ஆபத்து என்றால் யாருக்கு முதலில் சொல்வது? ஒரு பக்கத்தில் எழுதி, வருடத்தில் இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்.

தற்கொலை பற்றி நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் இன்னும் இருக்கிறது. அப்படி ஆவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்கிறது. சாக வேண்டும்போல் இருக்கிறதா என்று அமைதியாக, நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், மருந்து, பூச்சிக்கொல்லி போன்றவற்றை எட்டாத இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், அவசர உதவியை அழையுங்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு வரும் வாரங்கள் ஆபத்தானவை. ஆனால் நெருக்கடி முடிந்தது என்று அமைப்புகள் கையை எடுப்பதும் அந்த வாரங்களில்தான். வெளியே வரும் நாளிலேயே அடுத்த சந்திப்புத் தேதியும், பள்ளிக்குத் திரும்பும்போது யார் வாசலில் நிற்பார் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும்.

எதை எண்ணுவது

எத்தனை கூட்டம், எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்று நிதி தருகிறவர்கள் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். உங்களுக்காக நான்கு எண்களை வைத்துக்கொள்ளுங்கள்: அனுப்பிய பத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், சராசரி எத்தனை நாள் காத்திருந்தார்கள், குடும்பம் எத்தனை முறை கதையை முதலிலிருந்து சொன்னது, ஆறு மாதம் கழித்துப் பிள்ளை எப்படி இருக்கிறது. கடைசி எண்ணுக்கு முன்பு நிரப்பிய அதே வினாத்தாளும், பள்ளி வருகைப் பதிவும், "இப்போது பரவாயில்லையா?" என்று பிள்ளையிடமே கேட்பதும் போதும். முதல் மூன்று எண்களும் நன்றாக இருந்து நான்காவது அசையாமல் இருந்தால், ஃபோர்ட் பிராக் கதை உங்கள் ஊரிலும் நடக்கிறது. சாலை சரியாகிவிட்டது, போய்ச் சேரும் இடம் சரியில்லை. அப்போது கூட்டத்தைக் கூட்டுவதை விட்டு, உள்ளே ஊழியருக்கு எத்தனை பிள்ளைகள், அவருக்கு மேற்பார்வையும் ஓய்வும் கிடைக்கிறதா, தரப்படும் சிகிச்சை பலன் நிரூபிக்கப்பட்டதா என்று பேச வேண்டும். சங்கடமான பேச்சுத்தான்.

ஆள் மாறும்போது

இந்தத் துறையில் யாரும் ஒரே நாற்காலியில் நீண்ட காலம் இருப்பதில்லை. நிதி முடியும், இடமாற்றம் வரும். யாராவது விலகினால் அவர் கையில் இருக்கும் பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் புதியவரை அவரே அறிமுகம் செய்யும்படி இரண்டு வாரம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் விலகும்போதும் அப்படித்தான். தொலைபேசிப் பட்டியல், இரண்டு பக்க ஒப்பந்தம், சட்டக் குறிப்பு, இன்னும் 'வந்தார்கள்' என்ற பதில் வராத பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். புதிதாக வருபவரை ஒவ்வோர் அலுவலகத்துக்கும் நேரில் கூட்டிக்கொண்டு போய், அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் ஆட்களிடம் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள். பதில் வராத அந்தப் பெயர்களுக்கு இருவரும் சேர்ந்தே உட்கார்ந்து தொலைபேசி போடுங்கள்.